ஏர் ஃப்ளஷ் கழிப்பறை: ராத்திரியில் பம்ப் தானாக ஓடுகிறது, என்ன செய்வது?

படிக்கட்டு எழுதியது:

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகி ஐந்து மாதம் ஆகிறது. அவர் படுத்திருக்கும் அறையில் தண்ணீர்க் குழாயும் இல்லை, கழிவுநீர்க் குழாயும் இல்லை, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் எட்டுப் படி ஏற வேண்டும். அதனால் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிற மாதிரி, பேட்டரியில் ஓடும் ஏர் ஃப்ளஷ் கழிப்பறை ஒன்று வாங்கினோம். மிதியை அழுத்தினால் கோப்பைக்கு அடியில் வால்வு திறந்து 'சர்'ரென்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே அரை லிட்டர் போலத் தண்ணீர் வந்து அலசிவிடும். கழிவுத் தொட்டி 20 லிட்டர், தனியாகக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டலாம்.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது பத்து நாளாக, யாரும் தொடாமலே பம்ப் ஓடுகிறது. பகலில் கவனிக்கவில்லை, ராத்திரியில்தான் தெரிகிறது. அரை மணிக்கு ஒரு தடவை 'டுர்ர்' என்று பத்துப் பதினைந்து விநாடி ஓடி நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் அப்பா விழித்துக்கொள்கிறார், அப்புறம் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, பம்ப் போய்விட்டது, புதிதாகப் போடுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். வந்து பார்க்கவில்லை.

பராமரிப்பு என்று நான் செய்வது: இரண்டு நாளைக்கு ஒருமுறை தொட்டியைக் கொட்டிக் கழுவுகிறேன், வாரம் ஒருமுறை பிளீச் ஊற்றித் தேய்க்கிறேன், வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்துவிடக் கூடாது என்று கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவுகிறேன். இவ்வளவு செய்தும் லேசாக ஒரு வாடை இருந்துகொண்டே இருக்கிறது. பம்பை மாற்றத்தான் வேண்டுமா? வேறு ஏதாவது பார்க்கலாமா?

எஞ்சின் ரூம் எழுதியது:

தம்பி, பம்பை இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பம்ப் நன்றாகவே வேலை செய்கிறது, அதன் வேலையை வேறு எதுவோ வீணாக்குகிறது. கப்பலில் பதினோரு வருடம் இதே வகைக் கழிப்பறைகளைப் பிரித்து மாட்டியிருக்கிறேன், அளவுதான் பெரிது, சங்கதி ஒன்றுதான்.

முதலில் இது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், மீதி தானே புரியும். நீங்கள் மிதியை அழுத்தும் நேரத்தில் இழுப்பது பம்ப் இல்லை. பம்ப் முன்கூட்டியே ஒரு சின்னத் தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். வால்வு திறந்ததும் அறையில் இருக்கும் காற்றுதான் கோப்பையில் உள்ளதை அந்தத் தொட்டிப் பக்கம் தள்ளுகிறது. விமானத்திலும் இதே கதைதான், 16,000 அடிக்கு மேலே போய்விட்டால் வெளியே இருக்கும் குறைந்த அழுத்தமே இழுத்துவிடும், பம்ப்பே வேண்டாம், தரையிலும் தாழப் பறக்கும்போதும்தான் பம்ப் ஓடும். உங்கள் கழிப்பறையில் ஒவ்வொரு ஃப்ளஷுக்குப் பிறகும் ஒரு நிமிடம் போல பம்ப் ஓடி, இழந்த வெற்றிடத்தை மறுபடி உண்டாக்கிவிட்டு நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் மிதிக்காதவரை மணிக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை ஓடுகிறதென்றால் எங்கேயோ காற்று உள்ளே கசிகிறது, அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்ச் அதைக் கண்டுபிடித்து பம்பை எழுப்புகிறது. பம்பை மாற்றினாலும் கசிவு அங்கேயேதான் இருக்கும்.

எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு கருவியும் தேவையில்லை. இன்று ராத்திரி கடைசி ஃப்ளஷுக்குப் பிறகு கோப்பையில் இரண்டு டம்ளர் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ராத்திரி அப்பா பயன்படுத்தினால் அப்புறம் மறுபடி ஊற்றிக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர் இறங்கியிருந்தால், கோப்பைக்கு அடியில் இருக்கும் வால்வின் ரப்பர் சீல்தான் குற்றவாளி, தண்ணீரை விடும் சந்து காற்றையும் விடும். தண்ணீர் கோட்டிலேயே நின்று, பம்ப் மட்டும் ஓடியிருந்தால், கசிவு அதற்கு அப்பால்: ஹோஸ் கிளாம்ப், வெற்றிடத் தொட்டி மூடியின் ரப்பர் வளையம், இல்லையென்றால் பம்புக்குள் வாத்து அலகு மாதிரி இருக்கும் ரப்பர் வால்வுகள். அந்த அலகு இரண்டு உதடும் ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும், நடுவில் ஒரு நூல் சிக்கினாலும் மூடாது.

ஒரு விஷயம், கேஸ் சிலிண்டருக்கு சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போமே, அது இங்கே ஏமாற்றிவிடும். இங்கே காற்று உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை. நுரையைத் தடவி, அது எந்த இடத்தில் உள்ளே இழுபட்டுக் காணாமல் போகிறது என்று பார்க்க வேண்டும்.

எதையும் கழற்றும் முன்னால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இழுக்கும் சத்தம் முழுக்க அடங்கும் வரை மிதியை அழுத்திப் பிடியுங்கள். வெற்றிடம் இருக்கும்போது ஹோஸைப் பிடுங்கினால் என்ன தெறிக்கும் என்று எனக்கு அனுபவம் உண்டு. கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலவொளி எழுதியது:

படிக்கட்டு, என் மாமியாருக்காக மூன்று வருடம் இதே மாதிரி ஒன்றை வைத்திருந்தேன். பம்ப் விஷயம் அண்ணன் சொல்லிவிட்டார். நான் பிளீச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும், தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். ரப்பரைக் கெடுக்கும் என்பது ஒரு பக்கம். தொட்டியில் கிடக்கும் சிறுநீர் அம்மோனியாவாக மாறும், அதோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். படுக்கையில் இருப்பவரின் மூச்சுக்குப் பக்கத்தில் நடக்கக் கூடாத காரியம் அது. ஆசிட் வகைக் கழிப்பறை கிளீனரோடு பிளீச் சேர்ந்தாலோ வருவது குளோரின், இன்னும் மோசம்.

சமையல் எண்ணெயும் வேண்டாம், வாசலினும் வேண்டாம். ரப்பர் அதை உறிஞ்சி உப்பிக் கொழகொழத்துவிடும். சிலிக்கான் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள், விரலில் ஒரு மிளகளவு போதும், மாதம் ஒரு முறை.

வாடைக்கு வருகிறேன். நானும் முதலில் தொட்டியைத்தான் சந்தேகப்பட்டேன், தினமும் கழுவினேன், வாடை போகவில்லை. ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் வால்வு விளிம்பில் மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தது, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சிறுநீரில் இருக்கும் உப்புகள் படிந்து கல்லாகிவிடுகின்றன. இவ்வளவு குறைவாகத் தண்ணீர் செலவழிக்கும் கழிப்பறையில் அது சீக்கிரமே படியும், அதுவும் உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வாடை அந்தக் கல்லில்தான் ஊறிக் கிடக்கும், அதே கல் வால்வை முழுசாக மூடவும் விடாது, ஆக உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். முதலில் வெறும் தண்ணீர் விட்டு நாலைந்து தடவை ஃப்ளஷ் செய்து, தொட்டியையும் அலசி, பழைய பிளீச் துளிகூட இல்லாமல் போக்குங்கள். அப்புறம் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, கோப்பையில் ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் கூடாது, கீறல் விழுந்தால் அடுத்த கல் அங்கேதான் பிடிக்கும்.

தொட்டியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். 15 லிட்டர் என்றாலே 15 கிலோவுக்கு மேல், அதைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது கை நடுங்கினால் அவ்வளவுதான். கழுவும் தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் போகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கழிப்பறையில் மெதுவாக ஊற்றுங்கள், மழைநீர்க் கால்வாயிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். வீட்டில் செப்டிக் டேங்க் என்றால் ஃபார்மால்டிஹைடு கலந்த வாடைநீக்கி வேண்டாம், செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவையே அது கொன்றுவிடும். ஈரத் துடைப்புத்தாளைக் கோப்பையில் போடவே கூடாது, கரையும் என்று உறையில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், அரை மணி கழித்தும் முழுசாக இருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். அப்பா தண்ணீர் சரியாகக் குடிக்கிறாரா? என் மாமியார் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்தார், ராத்திரி அந்தச் சத்தத்தில் நாங்கள் எழுந்துவிடுவோம் என்று. சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவர் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம் கழிப்பறைக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டோம், பம்ப் அதிர்வு தரையில் ஏறுவது பாதியாகக் குறைந்தது. கோப்பை மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்தால் இழுக்கும் சத்தமும் அமுங்கும்.

மல்டிமீட்டர் எழுதியது:

கசிவைச் சரிசெய்த பிறகு பேட்டரியையும் பாருங்கள். பத்து நாளாக பம்ப் ராப்பகலாக ஓடியதில் பேட்டரி அடிவரை இறங்கியிருக்கும். லெட் ஆசிட் பேட்டரி என்றால் முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்ட வேண்டும், 12.0 காட்டினால் கால்வாசிதான் மிச்சம். சும்மா இருக்கும்போது அளந்தது மட்டும் போதாது, பம்ப் ஓடும்போது பம்பின் முனையிலேயே வைத்து அளக்க வேண்டும். பேட்டரியில் 12.4, பம்பில் 11 என்றால் இடையில் வயர் மெலிசு, அல்லது இணைப்பில் பச்சை பூத்திருக்கிறது. வோல்ட் குறைந்தால் பம்ப் மெதுவாக இழுக்கும், நேரம் கூடும், பம்ப் பழுது என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம்.

கூடாரம் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் மலையேற்றக் குழுவிடம் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. கீழே நன்றாக இருக்கிறது, 2,500 மீட்டர் உயர முகாமுக்குக் கொண்டுபோனால் பம்ப் நிற்பதே இல்லை. நீங்கள் சொன்ன தண்ணீர்ச் சோதனையில் கசிவு தெரியவில்லை.

எஞ்சின் ரூம் எழுதியது:

கூடாரம், உங்களுக்குக் கசிவு இல்லை, காற்றுதான் குறைவு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், 2,500 மீட்டரில் ஏறக்குறைய 75. வெளிக்காற்றை விட உள்ளே இவ்வளவு குறைய வேண்டும் என்று சுவிட்சில் ஒரு அளவு வைத்திருப்பார்கள், மேலே போனால் பம்ப் எவ்வளவு முக்கினாலும் அந்த அளவைத் தொட முடியாமல் போகலாம். சுவிட்சைத் திருத்தும் வசதி இருந்தால் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் ஓடுகிற மாதிரி கையால் போடும் சுவிட்ச் ஒன்றைச் சேருங்கள். நிற்காமல் ஓடவிட்டால் பம்ப் சூடாகி நிஜமாகவே போய்விடும்.

படிக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர்ச் சோதனை செய்தேன். பதினொரு மணிக்கு ஊற்றினேன், விடியற்காலை நாலு மணிக்குப் போய்ப் பார்த்தபோதே கோப்பை காய்ந்து கிடந்தது. அண்ணன் சொன்ன மாதிரி வெற்றிடத்தை இறக்கிவிட்டு வால்வைத் திறந்து பார்த்தேன். ரப்பர் சீல் ஒரு பக்கம் உப்பிப்போய் வெளியே பிதுங்கி நின்றது, விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. எண்ணெய் வேலைதான். எதிர்ப்பக்கத்தில் நிலவொளி அக்கா சொன்ன அதே மஞ்சள் கல், அரிசியளவு, அதன் மேல் துடைப்புத்தாள் நார் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

நன்றாக அலசிவிட்டு சிட்ரிக் ஆசிட்டில் இரண்டு தடவை ஊறவைத்தேன், கல் முழுக்கப் போய்விட்டது. புது சீல் வந்து நேற்றுப் போட்டேன், பம்ப் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ராத்திரி ஊற்றிய தண்ணீர் காலையில் பென்சில் கோட்டிலேயே நின்றது, பம்ப் ஒரு தடவைகூட ஓடவில்லை. வாடையும் இல்லை.

அக்கா, நீங்கள் கேட்டதை அப்பாவிடம் கேட்டேன். முதலில் இல்லையென்று மழுப்பினார், அப்புறம் மெல்ல ஒத்துக்கொண்டார், ஏழு மணிக்கு மேல் குடிப்பதில்லையாம். ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டுவிட்டேன். நேற்று ராத்திரி படுக்கும்போது ஒரு டம்ளர் குடித்தார், இரண்டு மணிக்கு எழுந்து அவரே மிதியை அழுத்தியிருக்கிறார், பக்கத்து அறையில் எனக்குக் கேட்கவே இல்லை.

உபரியாக இன்னொரு சீலும் வாங்கி வைத்திருக்கிறேன், அதை எப்படி வைத்திருக்க வேண்டும்?

எஞ்சின் ரூம் எழுதியது:

நல்லது தம்பி. வெயில் படாத இடத்தில், மடிக்காமல், உறையோடு தட்டையாக வையுங்கள், மேலே கனமாக எதையும் வைக்காதீர்கள். அப்பாவுக்குக் குணமாகி இது தேவைப்படாமல் போகும் நாளில், எல்லாவற்றையும் அலசி உலர்த்தி, தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்து, அடி வால்வைத் திறந்த நிலையிலேயே வைத்துவிடுங்கள். மூடியபடி மாதக்கணக்கில் கிடந்தால் சீல் அமுங்கி அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், அடுத்து எடுக்கும்போது முதல் நாளே கசியும்.