புதுத் தொட்டியில் பாசி பிடிக்க வைத்த அனுபவங்கள்

புது மண்தொட்டியின் பளிச்சென்ற சிவப்பு, செடிகளுக்கு நடுவே தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். சில மழைக்காலம் பார்த்த தொட்டிதான் செடியோடு சேர்ந்து பார்க்க அழகு. அந்தத் தோற்றத்தைச் சீக்கிரம் கொண்டுவர நிறையப் பேர் மோர் வழியைச் சொல்கிறார்கள்: பாசியை மோரோடு மிக்சியில் அடித்துத் தொட்டியின் மேல் பூசி, நிழலில் வைப்பது. நானும் ஒரு தொட்டிக்கு அப்படிச் செய்தேன். பாசிக்கு முன்னால் சாம்பல் நிறப் பூஞ்சணம் வந்துவிட்டது, புளித்த வாடையும் சேர்ந்துகொண்டது. பக்கத்திலேயே இன்னொரு தொட்டிக்கு வெறும் மழைத்தண்ணீரில் களிமண்ணைக் குழைத்து, அதில் பாசியை உதிர்த்துப் பூசியிருந்தேன். பச்சை முதலில் தெரிந்தது அதில்தான். அதற்குப் பிறகு மோர் பக்கமே போகவில்லை.

பாசிக்கு வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும் உண்டு. தண்ணீரை இலையே நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நாம் ஊட்டம் கொடுப்பதைவிட, சுவர் காயாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். காலித் தொட்டிக்கு வெளியே எவ்வளவு ஸ்பிரே அடித்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அதுவே மண் நிரப்பி, செடி வைத்து, தவறாமல் தண்ணீர் ஊற்றிவந்தால், சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாக உள் ஈரம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். காலையில் தொட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சில்லென்று இருக்க வேண்டும். அந்த ஈரம்தான் பாசியை வளர்க்கிறது, நாம் பூசுவது வெறும் விதைப்பு. பிளாஸ்டிக்கிலும் கிளேஸ் பூசிய தொட்டியிலும் இந்தக் கசிவு இல்லை, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பூசுவதற்கு முன் தொட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, முரட்டு உப்புத்தாளால் அங்கங்கே தேய்த்துவிடுகிறேன். சொரசொரப்பான இடத்தில் துணுக்குகள் நன்றாகப் பிடிக்கின்றன. பாசியைக் காட்டிலிருந்து பெயர்த்து வராதீர்கள், அங்கே அது திரும்ப வளர நெடுநாள் ஆகும். வீட்டு மதில் ஓரத்தில் இருப்பதில் ஒரு கைப்பிடி போதும். நைந்துபோன சின்னத் துணுக்கிலிருந்துகூடப் புதிதாக முளைக்கும்.

முதலில் வழவழப்பாக ஒரு பச்சைப் படலம் வரும். அது வேறு வகைப் பாசி, தண்ணீர்த் தொட்டிக்குள் படிவதைப் போன்றது. அழுக்கு என்று தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். மெத்தைபோல் நிற்கும் பாசி அதற்குப் பின்னால் நிதானமாகத்தான் வரும். வெயில் பட்டுப் பழுப்பாகச் சுருண்டுவிட்டால் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் தெளித்தால் பெரும்பாலும் சில நிமிடத்தில் இலை விரிந்து பச்சையாகிவிடும்.

⁂

மண்தொட்டி பற்றி மேலே எழுதியிருக்கும் அக்கா சொன்னது அத்தனையும் சரி. என்னிடம் இருப்பவை சிமென்ட் தொட்டிகள், கதை கொஞ்சம் வேறு. புது சிமென்டின் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 12-க்கும் மேலே. லேசான அமிலத்தன்மையை விரும்பும் பாசிகள் அதில் எங்கே ஒட்டும்? நான் தொட்டியை நிரப்பி வைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு வினிகரில் தண்ணீர் கலந்து வெளிப்பக்கம் தடவினேன், நுரைத்து ஓய்ந்ததும் நன்றாகக் கழுவிவிட்டேன். மழையில் நனைந்து காற்றுப் பட்டுக் கிடந்தாலே காரம் மெல்ல இறங்கும், பொறுமை இருப்பவர்களுக்கு அதுவே போதும். சொந்தமாக வார்ப்பவர்கள் சிமென்டோடு தென்னை நார்த்தூளும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணையும் சேர்த்தால் தொட்டி எடை குறையும், ஈரமும் நிற்கும். என் தொட்டிகளில் அப்படி வார்த்தவைதான் முதலில் பச்சை பிடித்தன.

⁂

எங்கள் பால்கனியில் முழு வெயில், பாசிக்கு வழியே இல்லை. அதனால் பழைய தொட்டிகளின் வெள்ளைப் பூப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். தண்ணீரிலும் உரத்திலும் இருக்கும் உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்து படிவதுதான் அந்த வெள்ளை. சுண்ணாம்பை மோர்ப் பதத்துக்குக் கரைத்து, ஈரத் தொட்டியில் பிரஷால் இழுத்து, காய்வதற்குள் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். சீராகப் பூசினால் வெள்ளையடித்த சுவராகிவிடும். விளிம்புக்குக் கீழே திட்டுத் திட்டாக, கீழே வரவர மெலிந்து இருந்தால்தான் உண்மையாகத் தெரிகிறது. கையுறை கட்டாயம், கண்ணில் படாமல் பாருங்கள். பாசியும் வேண்டும் என்பவர்கள் சுண்ணாம்பை மேல்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் காரம்தான்.

அப்புறம், தொட்டியை ஈரமாக வைக்க அடித்தட்டில் தண்ணீர் தேக்குபவர்கள் அதை அடிக்கடி கொட்டித் தட்டைத் தேய்த்துவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டால் கொசுப்புழு வந்துவிடும்.