இரண்டாகப் பிரியும் வயர்லெஸ் கன்ட்ரோலர்: மணிக்கட்டு வலிக்கு எது நல்லது? இடது பக்கம் அடிக்கடி துண்டிக்கிறது

இரவுப்பறவை:

வணக்கம். பகல் முழுக்க கீபோர்டில் தட்டும் வேலை. ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் கேம். வீட்டில் ஒரு ஸ்டீம் டெக் (கையில் பிடித்து விளையாடும் குட்டி கேம் கம்ப்யூட்டர்), ஒரு விண்டோஸ் பிசி இருக்கின்றன. சாதாரண கன்ட்ரோலரை மடியில் வைத்து அரைமணி விளையாடினால் வலது மணிக்கட்டு சுருக் சுருக்கென்று குத்துகிறது. சித்தப்பா பையனின் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷினில் இரு பக்கமும் மாட்டியிருக்கும் குட்டி கன்ட்ரோலர்களான ஜாய்கான்களைக் கழற்றி, கைக்கொன்றாகப் பிடித்துக் கைகளைத் தளர்த்திப் போட்டு விளையாடியபோது அந்த வலி வரவே இல்லை.

அதனால் அதே மாதிரி வேறொரு கம்பெனியின் ஜோடி ஒன்றை வாங்கினேன். பிசியில் இடதும் வலதும் இரண்டு தனி கன்ட்ரோலராகத் தெரிகின்றன. இடது பக்கம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு நொடி செத்துப்போகிறது. அந்த நொடியில் கேமில் இருக்கும் ஆள் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். பிடிமானமும் இல்லை, சோப்புக்கட்டி மாதிரி மெல்லிசாக இருக்கிறது. இதைச் சரிசெய்ய வழி உண்டா, இல்லை ஆறாயிரத்துக்குள் வேறு வாங்கலாமா?

செம்பருத்தி:

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க சகோ. கேம் வாங்கி ஓட்டுற ஸ்டீம் ஆப் 2022 ஆகஸ்ட்லயே ஜாய்கானுக்கு ஆதரவு கொடுத்துடுச்சு. இரண்டையும் சேர்த்து ஒரே கன்ட்ரோலரா பயன்படுத்தலாம். மத்த கம்பெனி ஜோடிகள்ல பெரும்பாலானவை ஜாய்கான் மாதிரியே தங்களை அடையாளம் காட்டிக்கும், அதனால உங்களோடதும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். முதல்ல விண்டோஸ் புளூடூத் பட்டியல்ல இருந்து இரண்டையும் நீக்கிடுங்க. உள்பக்க ஓரத்துல இருக்கிற குட்டி பட்டனை விளக்கு ஓடுற வரைக்கும் அழுத்திப் பிடிச்சு, ஒவ்வொண்ணா புதுசா இணைங்க. அப்புறம் ஸ்டீமைத் திறந்து கன்ட்ரோலர் செட்டிங்ஸ் போங்க. வேற கடையில வாங்கின கேமா இருந்தா, அதையும் ஸ்டீம் லைப்ரரியில சேர்த்து அங்கிருந்தே திறக்கணும்.

டெக்ல கவலை குறைவு. டெக் ஓடுறது லினக்ஸ்ல. ஜாய்கானை இயக்குற டிரைவர் மென்பொருள் 5.16 பதிப்புல இருந்து லினக்ஸ் கெர்னல்லயே, அதாவது அதோட மையப் பகுதியிலயே இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: நிண்டெண்டோ அமைப்புல ஏ, பி பட்டன்கள் எக்ஸ்பாக்ஸுக்கு நேர் எதிர் இடத்துல இருக்கும். ஸ்டீம்ல நிண்டெண்டோ பட்டன் அமைப்புன்னு ஒரு தேர்வு இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க.

கம்பியில்லாதவன்:

துண்டிப்பு பற்றி ஒரு கேள்வி. புளூடூத் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) எங்கே செருகியிருக்கிறீர்கள்? பக்கத்து போர்ட்டில் என்ன இருக்கிறது?

இரவுப்பறவை:

பிசி கேபினட்டின் பின்பக்கம். பக்கத்தில் கேம்கள் இருக்கும் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி டிரைவ், யூஎஸ்பியில். கேபினட் மேசைக்குக் கீழே வலது பக்கம் இருக்கிறது.

கம்பியில்லாதவன்:

அதுதான் காரணமாக இருக்கும். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும், புளூடூத்தும் அதே இடத்தில்தான் பேசுகிறது. இன்டெல் 2012-இலேயே இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. இன்னொன்று, நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை விழுங்கும். கன்ட்ரோலர் பிரிந்து இடது தொடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, டாங்கிளோ வலது பக்கம் கீழே. நடுவில் நீங்கள்! வலது பக்கம் மட்டும் நன்றாக ஓடுவதற்கும் இதுதான் காரணம்.

ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வாங்கி டாங்கிளை மேசைமேல், உங்கள் கண்ணுக்கு நேராக வையுங்கள். எஸ்எஸ்டியை வேறு பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள். மதர்போர்டு புளூடூத் வைத்திருப்பவர்கள் பின்னால் ஆன்டெனா திருகியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்க்கவும். பெட்டியிலேயே விட்டுவிடுபவர்கள் நிறைய பேர்.

மருதாணி:

தம்பி, நான் பிடிமானம் பற்றிச் சொல்கிறேன். எனக்கும் இதே வலி, இரண்டு வருஷமாகப் பிரிந்த கன்ட்ரோலர்தான். ஜாய்கான் ஒன்றின் எடை ஏறக்குறைய 50 கிராம். எடை குறைவு என்பதால் சுகம் என்று நினைத்தேன், ஆனால் மெல்லிசானதை நழுவாமல் பிடிக்க விரல்கள் இறுக்கிக்கொண்டே இருக்கின்றன. வலி அந்த இறுக்கத்தில்தான் தொடங்குகிறது. உள்ளங்கையை நிரப்பும் பிடி இருந்தால் விரல் தானாகத் தளரும்.

பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பை இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். உள்பக்க ஓரத்தை மட்டும் மூடாதீர்கள். இணைக்கும் பட்டன் அங்கேதான், பல ஜோடிகளில் சார்ஜும் அந்த வழியாகத்தான் ஏறும். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிது வாங்கினால் ஓர் எச்சரிக்கை. ஹோரி ஸ்பிளிட் பேட் ப்ரோ பார்க்கப் பெரிசாக, பிடிக்க அருமையாக இருக்கும். ஆனால் அதில் பேட்டரியும் இல்லை, புளூடூத்தும் இல்லை. ஸ்விட்ச்சில் மாட்டினால்தான் உயிர். உங்கள் தேவைக்கு ஆகாது. நிக்ஸி விசார்டு மாதிரி பருமனான, பேட்டரி உள்ள ஜோடிகளைப் பாருங்கள். அதில் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் ஹால் சென்சார் வகை. சாதாரண ஸ்டிக்கில் பாகங்கள் உரசி உரசித் தேய்ந்து, நாளடைவில் தானாக நகர ஆரம்பிக்கும். ஹால் ஸ்டிக்கில் காந்தம் இடத்தைச் சொல்வதால் அந்தத் தேய்மானம் இல்லை. எது வாங்கினாலும் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். கையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு.

ராத்திரியில் விரல் மரத்துப்போகிறதென்றால் கன்ட்ரோலரை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரவுப்பறவை:

மரத்துப்போவது இல்லை அக்கா, குத்தல் மட்டும்தான். நன்றி.

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். டாங்கிள் மேசைமேல் வந்ததிலிருந்து ஒருமுறைகூடத் துண்டிக்கவில்லை. ஸ்டீமில் இரண்டும் ஒரே கன்ட்ரோலராகச் சேர்ந்துவிட்டன. கிரிப் டேப் சுற்றி நேற்று ஒன்றரை மணி நேரம் விளையாடினேன், குத்தல் வரவில்லை. புதிது வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டேன். கார் ரேஸில் மட்டும் ஆக்சிலரேட்டர் ஒன்று முழுசாகப் போகிறது, இல்லையென்றால் போவதே இல்லை. அளவாக அழுத்த முடியவில்லையே?

செம்பருத்தி:

ஜாய்கான் வகையில ட்ரிக்கர் (ஆள்காட்டி விரலால அழுத்துறது) வெறும் ஆன்-ஆஃப் பட்டன்தான் சகோ, அழுத்தத்தை அளக்காது. பல ரேஸ் கேம்கள்ல செட்டிங்ஸ் போய் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் வலது ஸ்டிக்கோட முன்பக்கம், பின்பக்கத்துக்கு மாத்திக்கலாம். ஸ்டிக் அளவாத் தள்ளுறதைப் புரிஞ்சுக்கும். ஒருநாள் கை தடுமாறும், அப்புறம் பழகிடும்.