டேஸெ, டிட், டீ, டாட்: டச்சு மொழியின் சுட்டுச்சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஐன்ட்ஹோவன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் டச்சு மொழியைத் தொடக்க நிலையில் கற்று வருகிறேன். 'இந்த' என்பதற்கு டேஸெ, டிட் என இரண்டு சொற்களும், 'அந்த' என்பதற்கு டீ, டாட் என இரண்டு சொற்களும் பாடத்தில் தரப்பட்டுள்ளன. அண்மைச்சுட்டும் சேய்மைச்சுட்டும் நமக்குப் பழகியவை என்பதால் அந்த வேறுபாடு எளிதாகவே விளங்குகிறது. ஆனால் நாற்காலியை 'டேஸெ ஸ்டூல்' என்று சொல்லும் மொழி, புத்தகத்தை மட்டும் 'டிட் புக்' என்று சொல்வதற்கு என்ன காரணம்? மேலும், 'டிட் இஸ் மெய்ன் புரூர்' (இவர் என் அண்ணன்) என்ற எடுத்துக்காட்டு என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. புரூர் என்ற சொல்லோடு டேஸெ தானே வரவேண்டும்? விதியைக் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: உத்ரெக்ட் ஆசிரியர்

வணக்கம் அம்மா. டச்சு மொழியில் பெயர்ச்சொற்கள் அனைத்தும் இரண்டு பிரிவுகளுள் அடங்கும். ஒரு பிரிவு 'டெ' என்ற சார்படையையும் (பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல், ஆங்கில 'the' போன்றது), மற்றது 'ஹெட்' என்ற சார்படையையும் ஏற்கும். பழைய ஆண்பாலும் பெண்பாலும் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்து டெ-பிரிவாயின. ஆணும் பெண்ணும் அல்லாத அலிப்பால் தனித்து நின்று ஹெட்-பிரிவாயிற்று. டெ-சொற்களுக்கு அருகில் டேஸெ, தொலைவில் டீ. ஹெட்-சொற்களுக்கு அருகில் டிட், தொலைவில் டாட். 'டெ ஸ்டூல்' என்பதால் டேஸெ ஸ்டூல், டீ ஸ்டூல். 'ஹெட் புக்' என்பதால் டிட் புக், டாட் புக்.

தமிழர் இங்கே தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் இந்தப் பையன், இந்த வீடு, இந்த வீடுகள் என்று எதற்கும் 'இந்த' என்ற ஒரே வடிவத்தையே இடுகிறோம்; சுட்டு தனித்து நிற்கும்போதுதான் இவன், இவள், இது என்று பிரிகிறது, அந்தப் பிரிவும் பொருளைப் பார்த்தே அமைகிறது. டச்சு மொழியிலோ பொருள் பெரும்பாலும் துணைக்கு வராது. சிறுமியைக் குறிக்கும் மெய்ஷெ என்ற சொல் ஹெட்-பிரிவைச் சேர்ந்தது; ஆகவே 'டிட் மெய்ஷெ' என்பதே சரியானது. அதனால் எந்தப் பெயர்ச்சொல்லையும் அதன் சார்படை இல்லாமல் மனப்பாடம் செய்யவேண்டாம் என்று என் மாணவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். 'ஸ்டூல் என்றால் நாற்காலி' என்று குறிப்பேட்டில் எழுதுவது பாதிக் கல்வியே; 'டெ ஸ்டூல்' என்று எழுதினால் சுட்டுச்சொல்லும் அதனுடனேயே வந்துவிடும்.

பன்மையில் இந்தச் சிக்கல் அறவே இல்லை. பன்மைப் பெயர்கள் எல்லாம் டெ-பிரிவாகிவிடுவதால், டிட் புக் என்பது டேஸெ புக்கன் ஆகும், டாட் கிண்ட் (அந்தக் குழந்தை) என்பது டீ கிண்டரன் ஆகும். இன்னொரு நம்பகமான அடையாளம், 'யெ' என்று முடியும் குறுமைப் பெயர்கள். அவை ஒருமையில் எப்போதும் ஹெட்-சொற்களே: டேஸெ ஸ்டூல், ஆனால் டிட் ஸ்டூல்ட்யெ (இந்தச் சிறு நாற்காலி). மொழிப்பெயர்களும் பெயராக ஆளப்படும் வினைகளும் ஹெட்-பிரிவைச் சேர்ந்தவை. 'ஹெய்ட்' என்ற விகுதி பெற்ற பண்புப்பெயர்கள் டெ-பிரிவைச் சேர்ந்தவை. ஐயம் எழும்போது, 1980 இல் நிறுவப்பட்ட டாலூனி என்ற மொழி ஒன்றியத்தின் சொற்பட்டியலை இணையத்தில் பார்த்தால், பெயருக்குரிய சார்படை அங்கே தரப்பட்டிருக்கும்.

பதில்: லைடன் நூலகர்

முதல் கேள்விக்கு ஆசிரியர் ஐயா தெளிவாகப் பதில் சொல்லிவிட்டதால், அண்ணனைப் பற்றிய இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுட்டுச்சொல் பெயருக்கு முன்னால் அடையாக நிற்கிறதா, வாக்கியத்தின் எழுவாயாகத் தனியே நின்று ஒருவரையோ ஒன்றையோ அறிமுகப்படுத்துகிறதா என்பதே இங்கே பார்க்கவேண்டியது. அறிமுகத்தில் பால், எண் எதையும் பாராமல் டிட் அல்லது டாட் மட்டுமே வரும். ஆகவே 'டிட் இஸ் மெய்ன் புரூர்' என்பது இலக்கணப்படி முற்றிலும் சரி. அதில் மரியாதைக் குறைவு சிறிதும் இல்லை. பலரை அறிமுகப்படுத்தும்போது வினை மட்டும் பன்மையாகும்: 'டிட் ஸெய்ன் மெய்ன் கிண்டரன்' (இவர்கள் என் குழந்தைகள்). எழுவாய் ஒருமை வடிவிலும் வினை பன்மை வடிவிலும் நிற்பது நம் கண்ணுக்கு விந்தையாகத் தோன்றினாலும், டச்சுக்காரர்கள் எழுத்திலும் பேச்சிலும் இப்படியே ஆளுகிறார்கள்.

ஏற்கெனவே பேசப்பட்ட பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பிரிவு மீண்டும் கணக்கில் வரும். மிதிவண்டிக் கடையில் ஒன்றைக் காட்டி 'இக் நேம் டேஸெ' (நான் இதை எடுத்துக்கொள்கிறேன்) என்பீர்கள், ஏனெனில் மிதிவண்டி டெ ஃபீட்ஸ். புத்தகக் கடையிலோ அதே வாக்கியம் 'இக் நேம் டிட்' என்று முடியும்.

கேட்டவரின் மறுமொழி: ஐன்ட்ஹோவன் வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரத்திற்கு டேஸெ வேக் என்றும் இந்த ஆண்டிற்கு டிட் யார் என்றும் வருவதன் காரணம் இப்போது புரிகிறது. இன்னும் ஓர் ஐயம்: 'இதைக் கொண்டு' என்று சொல்ல 'மெட் டிட்' எனலாமா?

பதில்: கென்ட் தோழி

பெயர் தொடர்ந்து வந்தால் சொல்லலாம்: மெட் டிட் மெஸ் (இந்தக் கத்தியால்). பெயரின்றி ஒரு பொருளைத் தனியே சுட்டும்போது 'மெட்' போன்ற முன்னிடைச்சொல் (பெயருக்கு முன்னால் நின்று வேற்றுமைப் பொருள் தரும் சொல்) சுட்டோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். அருகிலிருப்பதற்கு ஹீர்மே, தொலைவிலிருப்பதற்கு டார்மே. 'மெட்' அங்கே 'மே' என்று திரிவதையும் கவனியுங்கள். மனிதரைச் சுட்டும்போது இந்த வடிவத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

பெயருக்கும் சுட்டுக்கும் நடுவில் பெயரடை வந்தால் அதன் ஈற்றில் 'எ' சேரவேண்டும். 'ஒரு பெரிய புத்தகம்' என்பதில் க்ரோட் என்று நிற்கும் சொல், டிட் க்ரோட்டெ புக் என்று மாறும். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் வாழும் நாங்களும் இதே விதிகளைத்தான் எழுத்தில் பின்பற்றுகிறோம். பேச்சு வழக்கில் ஆண்பால் பெயர்களுக்கு முன்னால் 'டீயெ' போன்ற வடிவங்களைக் கேட்க நேரிடும். அவற்றைப் புரிந்துகொண்டால் போதும், தேர்வில் எழுதவேண்டாம்.