புதுப்பிப்பு: யுரேனியச் சில்லும் சிறுநீர்ச் சோதனையும்

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கக் கவச வண்டிகள் சில தங்கள் தரப்பின் செறிவு குறைந்த யுரேனியக் குண்டுகளாலேயே (யுரேனியம்-235 என்ற வகை குறைக்கப்பட்ட யுரேனியம்) அடிபட்டு, வீரர்களின் உடலில் அதன் சில்லுகள் தங்கிவிட்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். "ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று போகிற போக்கில் சொன்னது தவறு.

பால்டிமோரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனை 1990-களிலிருந்து இவர்களைக் கவனித்து வருகிறது. அங்கே முக்கியமான சோதனை சிறுநீர்தான், அதுவும் 24 மணி நேரம் முழுக்கச் சேகரித்தது. (நாள் பூரா கேனும் கையுமாக அலைய வேண்டும், பாவம்.) சரி, சாப்பாட்டிலும் தண்ணீரிலும் எல்லோருக்குமே துளி யுரேனியம் உள்ளே போகிறதே, குண்டிலிருந்து வந்ததை எப்படிப் பிரிப்பது? ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள வகைகள்) விகிதத்தை வைத்துத்தான். இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 சுமார் 0.72 சதவீதம், குண்டில் இருப்பதில் 0.2 சதவீதம்தான். சில்லு உள்ளேயே இருப்பவர்களுக்குப் பல வருடம் கழித்தும் சிறுநீரில் அளவு அதிகமாகவே வருகிறது. சில்லு மெல்லக் கரைந்துகொண்டே இருக்கிறது.

அப்புறம், உடலில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க எந்தச் சோதனை என்று கேட்டவருக்கு: அதற்கு ரத்தச் சோதனையே சரி. ஆனால் அது பெரும்பாலும் சமீபத்திய மாதங்களைத்தான் காட்டும். பழைய ஈயம் எலும்பில் ஒளிந்திருக்கும்.