அம்மாவுக்குக் கோஎன்சைம் கியூ10 கொடுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரினும், கொலஸ்ட்ராலுக்கு அட்டோவஸ்டாட்டினும் குடிக்கிறார். கட்டாரில் இருக்கும் தம்பி கோஎன்சைம் கியூ10 என்ற துணைச்சத்துப் போத்தல் ஒன்று அனுப்பியிருக்கிறான்.

இது நம் உடம்பே உண்டாக்கும் பொருள்தான். செல்லுக்குள் மைட்டோகொண்ட்ரியாவில் சக்தி உருவாக இது வேண்டும்; ஓயாமல் துடிக்கும் இதயத் தசைக்கு அதிகமாகவே வேண்டும். அட்டோவஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரை இரத்தத்தில் இதன் அளவைக் குறைக்கும் என்பதும் சரி. 2014இல் வெளிவந்த கியூ-சிம்பியோ ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்து நாளைக்கு 300 மில்லிகிராம் கொடுத்துப் பலன் கண்டார்கள். ஆனால் அம்மாவின் நோய் அதுவல்ல.

எனக்குப் பயமெல்லாம் வார்ஃபரினை நினைத்துத்தான். கியூ10 அமைப்பில், இரத்தம் உறைய உதவும் விட்டமின் கே போல இருப்பதால் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம். இரத்தம் கட்டிக்கொண்டால் பக்கவாதம் வரை போய்விடும். அதனால் போத்தலை இன்னும் திறக்கவில்லை. அம்மாவோ அடுத்த கிளினிக் வரை பொறுக்கமாட்டேன் என்கிறார், மகன் அனுப்பியதாயிற்றே.

ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் தமிழில் விளக்கிச் சொல்லும் இதய மருத்துவரோ மருந்தாளரோ தெரிந்தால் சொல்லுங்கள். வார்ஃபரினோடு இதைக் குடித்தவர்கள் இருந்தால், ஐ.என்.ஆர் (இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனை) எப்படி மாறியது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தார்கள் என்றும் எழுதுங்கள். இருக்கிற மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கச் சொல்லி மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.