உஃபிட்சி போய்வந்தவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போகவிருக்கும் சிலர் உஃபிட்சி அருங்காட்சியகத்தைப் பற்றி என்னிடம் தனித்தனியே கேட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். போய்வந்த மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நான் இரண்டு முறை போனேன். முதல் முறை உள்ளே நுழையவே முடியவில்லை. ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று ஒரு குழுப் பயணம். புளோரன்ஸுக்கு ஒரே ஒரு பகல், அதுவும் திங்கட்கிழமை. உஃபிட்சிக்குத் திங்கள் விடுமுறை என்று ஏற்பாட்டாளர் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. வெளியே தூண் மாடங்களில் நிற்கும் லியோனார்டோ, மைக்கலாஞ்சலோ சிலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அம்மா அங்கே எதுவும் பேசவில்லை. வீடு வந்து சேர்ந்து இரண்டு நாள் கழித்து, "சிப்பியில் நிற்கிறவளைப் பார்க்காமலே வந்துவிட்டேன்" என்றார். முப்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தவர் அவர். அவர் சொன்னது போத்திசெல்லியின் 'வீனஸின் பிறப்பு' ஓவியத்தை. அது அவருடைய வகுப்பறைச் சுவரில் மங்கிப்போன காலண்டர் தாளாக ஒட்டியிருந்தது.

நான்கு வருடம் கழித்து அவருக்காகவே மறுபடி போனோம். இந்த முறை முதலில் அருங்காட்சியக டிக்கெட்டின் நாளை முடிவு செய்தேன். விமானமும் அறையும் அதற்குப் பிறகுதான். காலை 8.15க்குத் திறக்கிறார்கள். ஒரு புதன்கிழமையின் அந்த முதல் வேளையை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலேயே பதிவு செய்தேன். ஆளுக்கு 25 யூரோ, முன்பதிவுக்கு 4 யூரோ ஆனது. இதே டிக்கெட்டை இடைத்தரகர்கள் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், கவனம். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் அன்று முன்பதிவு கிடையாது. வயதானவர்களை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. ஓவியங்கள் தொடங்குவதோ மேல்தளத்தில், படிக்கட்டு நீளமானது. வாசலில் சொன்னவுடன் ஊழியர் ஒருவர் லிஃப்டுக்கு அழைத்துச் சென்றார். கேட்கத் தயங்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன்பே அம்மா ஏழு ஓவியங்களை மட்டும் குறித்து வைத்திருந்தார். நான் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டேன். இத்தனை செலவு செய்து போய் ஏழு படம்தானா என்று தோன்றியது. ஆனால் தொடக்கத்தில் வரும் ஓர் அறையிலேயே என் எண்ணம் மாறிவிட்டது. சிமாபுவே, துச்சோ, ஜொத்தோ மூவரும் சில பத்தாண்டு இடைவெளிக்குள் வரைந்த மூன்று பெரிய மாதா படங்கள் அங்கே இருக்கின்றன. மூன்றிலும் பொன் பின்னணி, தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கத்தைப் போல. "ஜொத்தோவின் மாதாவுக்கு மட்டும் துணிக்கு அடியில் முழங்கால் இருக்கிறது, பார். உடம்பின் கனத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்" என்றார் அம்மா. மறுமலர்ச்சி எங்கிருந்து கிளம்பியது என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். எனக்கு விளங்கியது அந்த முழங்காலைப் பார்த்தபோதுதான்.

வீனஸ் முன்னால் முக்கால் மணி நேரம் இருந்தோம். படம் ஏறக்குறைய 2.8 மீட்டர் அகலம். கூந்தலில் பொன் கோடுகள் இழைத்திருப்பது அச்சில் தெரிவதே இல்லை. அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை.

மறக்க முடியாதது இனிமேல்தான். லியோனார்டோ இருபது வயதை ஒட்டி வரைந்த 'மங்கள அறிவிப்பு' படத்தில், தேவதூதரின் செய்தியைக் கேட்கும் மரியாளின் வலது கை கொஞ்சம் நீளமாகத் தெரியும். அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். மூலையில் நின்ற காவலர், நரைத்த தலைக்காரர், அதைக் கவனித்து அருகில் வந்தார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அவர் கையசைத்து அம்மாவைப் படத்தின் வலப்பக்கமாக நகரச் சொன்னார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சைகை. அங்கிருந்து பார்த்தால் கை அளவாகச் சுருங்கி மேசையோடு பொருந்தி நிற்கிறது! படம் வலப்பக்கமிருந்து பார்க்கும்படி வைக்கப்படவே வரையப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுவதைப் பிறகு படித்தேன். அம்மா அவரைக் கைகூப்பி வணங்கினார். அவரும் பதிலுக்குக் கைகூப்பினார்.

சூரிச்சிலிருந்து:

கோயம்புத்தூர்ச் சகோதரிக்கு நன்றி. நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு ரயிலில் மிலான் வழியாகப் போனோம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். மகனுக்குப் பிடித்தது கரவாஜ்ஜோ வரைந்த மெடூசா, கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல்காரி. கேடயத்தின் மேலேயே வரைந்த தலை. மகள் ரஃபேலின் 'பொற்சிட்டு மாதா' முன்னால் இருந்து அசையவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அது இருந்த வீடு இடிந்து விழுந்தபோது அந்தப் பலகை ஓவியம் 17 துண்டுகளாக உடைந்தது என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். விரிசல்களைத் தேடினாள். 2008இல் முடிந்த சீரமைப்புக்குப் பிறகு அவை கண்ணுக்கு எளிதில் தட்டுப்படுவதில்லை.

வெளியே வந்ததும் கட்டடத்தின் பின்னால் இருக்கும் ஜொர்ஜோஃபிலி தெருவுக்குப் போனோம். 1993 மே 27 அதிகாலையில் மாஃபியா அங்கே கார்க்குண்டை வெடிக்க வைத்தது. ஐந்து பேர் இறந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம். உஃபிட்சியின் சில ஓவியங்கள் மீட்க முடியாதபடி அழிந்தன. அந்த இடத்தில் இப்போது ஓர் ஒலிவ மரம் நிற்கிறது. நான் யாழ்ப்பாணத்தான். 1981இல் எங்கள் நூலகம் எரிந்தபோது எனக்கு எட்டு வயது. அந்த மரத்தின் அடியில் நின்று அதைப் பிள்ளைகளுக்கு முதல் தடவையாகச் சொன்னேன்.

இன்னொன்று. புளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லுயீசா, 1737இல் செய்த ஒப்பந்தத்தில் இந்தச் செல்வங்கள் புளோரன்ஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதி வைத்தார். நாம் இன்று பார்ப்பது அந்தப் பெண்மணியின் பிடிவாதத்தால். வாசலில் அவர் பெயரை ஒரு தடவையாவது நினையுங்கள்.

திருச்சியிலிருந்து:

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை உஃபிட்சியில் இல்லை. அது அக்காதெமியா என்ற இன்னோர் அருங்காட்சியகத்தில், வேறு டிக்கெட். எங்கள் குழுவில் ஒருவர் அதற்காகவே வந்து மிகவும் மனம் நொந்துபோனார். அவரைத் 'தோனி தோந்தோ' முன்னால் உட்காரவைத்தோம். மைக்கலாஞ்சலோவின் வட்டப் பலகை ஓவியம் அது. வண்ணங்கள் நேற்று பூசியவை போல இருக்கின்றன. பெரிய முதுகுப்பையை உள்ளே அனுமதிப்பதில்லை, வைப்பறையில் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து, மீண்டும்:

சூரிச் அண்ணா, ஒலிவ மரம் எனக்குத் தெரியாமல் போயிற்று. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மறுமுறை போனால் முதலில் அங்கே என்கிறார்.

உட்கார இடம் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. ஆர்னோ ஆற்றைப் பார்த்த குறுக்குத் தாழ்வாரத்தில் உட்காரலாம். அதன் சன்னல்களில் இருந்து வெக்கியோ பாலமும், அதன் மேலே 1565இல் கட்டடக் கலைஞர் வசாரி கட்டிய மறைவழியும் தெரியும். கால் வலித்தால் கீழ்த்தளம் இறங்குவதற்கு முன் மொட்டைமாடிச் சிற்றுண்டிக் கடைக்குப் போங்கள். பக்கத்து வெக்கியோ அரண்மனையின் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அங்கேதான் அம்மா தன் பட்டியலை எடுத்து ஏழில் ஐந்தை அடித்தார். மீதி இரண்டு கீழே இருந்தன.