குடும்ப குழு: நிலா ஏறப்போற டைகர் மாத்

[வியாழன்]

நிலா: சனிக்கிழமை டைகர் மாத்ங்கற பழைய விமானத்துல பறக்கப் போறேன் 🛩️ லேப்ல எல்லாரும் சேர்ந்து பிறந்தநாளுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டாங்க. ரெண்டு அடுக்கு இறக்கை, மேல மூடி கிடையாது. படம் பாருங்க

வசந்தி சித்தி (நிலா அம்மா): இது எந்தக் காலத்து விமானம்டி?

நிலா: 1940ல செஞ்சதும்மா

வசந்தி சித்தி: இறக்கை துணி மாதிரி தெரியுதே

நிலா: துணிதான். மரச்சட்டத்துல துணியை இழுத்துக் கட்டி, விறைப்பா நிக்க மேல டோப்னு ஒரு பூச்சு அடிப்பாங்களாம்

வசந்தி சித்தி: வேண்டாம் நிலா. டிக்கெட் காசு போனா போகட்டும்

செந்தில் மாமா: அக்கா, இங்கிலாந்துல அதுக்கெல்லாம் ரூல்ஸ் ரொம்ப கறார். சும்மா பறக்க விட மாட்டாங்க

வசந்தி சித்தி: ரூல்ஸ் இருந்தா விழாதா? அத்தான், நீங்க சொல்லுங்க. வாழ்நாள் பூரா ஹேங்கர்ல, விமானக் கொட்டகையிலயே இருந்தவங்க நீங்கதானே

கார்த்தி: பெரியப்பா, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து ஓட்டிட்டு வந்ததும் மாத் தானே? அது ஒண்ணும் ஆகலையே

பெரியப்பா: இப்பதான் பார்த்தேன். வசந்தி, பழசுங்கறதுக்காக மட்டும் நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். படத்துல பளபளன்னு இருக்குங்கறதுக்காக சரின்னும் சொல்ல மாட்டேன். யார் யார் கையில இருந்தது, என்ன அடி பட்டது, அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்க, இது மூணும் தெரியணும்.

பெரியப்பா: கார்த்தி, டாடா ஓட்டினது புஸ் மாத். அதே டி ஹாவிலண்ட் கம்பெனிதான், ஆனா ஒத்தை இறக்கை, மூடின கேபின். நீ "ஒண்ணும் ஆகலையே"ன்னு கேட்டதால அந்தக் கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளம்.

பெரியப்பா: புஸ் மாத் 1930ல விற்பனைக்கு வந்தது. 120 குதிரைசக்தி ஜிப்ஸி என்ஜின், அதைத் தலைகீழா மாட்டியிருந்தாங்க. சிலிண்டர் கீழ போயிடறதால பைலட்டுக்கு முன்னாடி பார்வை மறைக்காது. பணக்காரங்க, சாதனை பண்ணணும்னு துடிச்சவங்க எல்லாரும் வாங்கினாங்க. அதே வருஷம் அக்டோபர்ல மேற்கு ஆஸ்திரேலியாவில ஒண்ணு பறந்துட்டிருக்கும்போதே இறக்கை உடைஞ்சு விழுந்தது. 1931 மே மாசம் தென்னாப்பிரிக்காவுல டிராக்கன்ஸ்பெர்க் மலைக்கு மேல இன்னொண்ணு. அதுல போனவர் கிளென் கிட்ஸ்டன், கார் பந்தயத்துல பேர் வாங்கினவர். அந்த விமானமும் இரவல் வாங்கினதுதான்.

கார்த்தி: பைலட் தப்பா?

பெரியப்பா: முதல்ல எல்லாரும் அப்படித்தான் பார்த்தாங்க. மோசமான வானிலை, பைலட் வேகமா இறக்கிட்டார்னு. ஆனா ஊர் வேற, பைலட் வேற, ஓனர் வேற, உடையற விதம் மட்டும் ஒண்ணா இருக்கு. அப்ப கோளாறு மிஷின்லதானே இருக்கணும்?

பெரியப்பா: இறக்கையைத் தாங்கறதுக்கு உடம்புல இருந்து சாய்வா ரெண்டு கம்பி போகும், ஸ்டரட்னு சொல்லுவோம். கொந்தளிப்பான காத்துல முன் ஸ்டரட் அதிர ஆரம்பிச்சு, இறக்கையும் கூடச் சேர்ந்து முறுக்கி உடைஞ்சிருக்கு. சாதா காத்துல வருஷக்கணக்கா பறந்தாலும் தெரியாது. இங்கிலாந்துல ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சிக் கூடத்துல ரொம்ப நாள் மண்டையை உடைச்சு இதைக் கண்டுபிடிச்சாங்க. தீர்வு என்ன தெரியுமா? அந்த ஸ்டரட் நடுவுல அதிராம பிடிச்சுக்க ஒரு குட்டிக் கம்பி.

நிலா: அவ்ளோதானா!

பெரியப்பா: அவ்ளோதான். அதுக்காக எத்தனை உயிர் போச்சு பாரு. இப்ப 1932ஐ மட்டும் எடுத்துக்க. ஆகஸ்ட் 18, ஜிம் மாலிசன் புஸ் மாத்ல தனி ஆளா அட்லாண்டிக்கை கிழக்கேயிருந்து மேற்கே தாண்டினார், அப்படி தாண்டின முதல் ஆள். செப்டம்பர் 18, ஆஸ்திரேலியாவில பைரன் பே பக்கம் ஒரு புஸ் மாத் விழுந்து லெஸ் ஹோல்டன் இறந்தார். அவரே பெரிய விமானி, அன்னைக்குப் பயணியா உட்கார்ந்திருந்தார். அக்டோபர் 15 காலையில ஜே.ஆர்.டி. தபால் மூட்டையோட கராச்சியில கிளம்பறார்.

செந்தில் மாமா: ஒரு மாசம் கூட ஆகலையா அந்த விபத்து நடந்து!

பெரியப்பா: ஆகல. ரேடியோ கிடையாது. அகமதாபாத்ல பர்மா ஷெல் கம்பெனி பெட்ரோலை டின்னுல அடைச்சு மாட்டு வண்டியில கொண்டு வந்து ஊத்தினாங்க. மதியம் பம்பாய் ஜுஹுல இறங்கினார். அங்கிருந்து அவரோட கூட்டாளி விமானி நெவில் வின்சென்ட் தபாலை வாங்கிக்கிட்டு பெல்லாரி வழியா மெட்ராஸ் வந்து சேர்ந்தார். நம்ம ஊர் தபாலும் அந்த விமானத்துலதான் வந்தது, நினைக்கும்போதெல்லாம் எனக்கு சிலிர்க்கும். ரெண்டே ரெண்டு புஸ் மாத்தை வச்சு ஆரம்பிச்ச சர்வீஸ் அது. பின்னாடி அதுதான் ஏர் இந்தியா.

கார்த்தி: அப்ப புஸ் மாத் நல்ல விமானமா கெட்ட விமானமா பெரியப்பா?

பெரியப்பா: அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாதுப்பா. எந்த புஸ் மாத், எந்தத் தேதியில, அந்தக் குட்டிக் கம்பி மாட்டியாச்சா? இப்படிக் கேட்டா பதில் இருக்கு. 1933 ஜனவரியில ஆஸ்திரேலிய விமானி பெர்ட் ஹிங்க்லர் இத்தாலி மலையில விழுந்து செத்ததும் புஸ் மாத்லதான்.

வசந்தி சித்தி: அத்தான், இதைக் கேட்டு எனக்கு பயம் கூடுதே தவிர குறையல

பெரியப்பா: தெரியும்மா. டைகர் மாத் பத்தியும் ஒண்ணு இருக்கு, அதையும் மறைக்க மாட்டேன். 2013 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவில, குயின்ஸ்லாந்து கடற்கரை ஓரமா, இதே மாதிரி டிக்கெட் வாங்கி ஏறின ஒரு பயணியோட ஒரு டைகர் மாத் போச்சு. வானத்துல கரணம் அடிக்கும்போது இடது இறக்கை கழண்டு ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. கீழ் இறக்கை உடம்போட சேர்ற இடத்துல குறுக்கே இழுத்துப் பிடிக்க ரெண்டு இரும்புக் கம்பி போகும், டை ராட்னு பேர். அதோட மரையில விரிசல் விட்டிருந்தது. அந்த ராடோட ஆயுள் முடியற நேரம் கூட இல்ல. ஒரிஜினல் கம்பெனி பார்ட்டும் இல்ல, வேற இடத்துல செஞ்சு வாங்கி மாட்டினது.

செந்தில் மாமா: அத்தான், அக்கா இன்னைக்கு தூங்க மாட்டாங்க

பெரியப்பா: இது தெரிஞ்சாதான் நிலாவுக்கு என்ன கேக்கணும்னு தெரியும் செந்தில். நிலா, விமானத்து உடம்புல ஜி-ன்னு ஆரம்பிச்சு ஒரு பதிவுக் குறி எழுதியிருக்கும். அதை இங்க போடாத, எனக்குத் தனியா அனுப்பு. பிரிட்டிஷ் பதிவேட்டோட பழைய பக்கங்களையே ஸ்கேன் பண்ணி இணையத்துல வச்சிருக்காங்க, ஓனர் பேர் எல்லாம் கையெழுத்துலயே இருக்கும். விபத்து விசாரணைப் பிரிவோட அறிக்கையும் அந்தக் குறியை வச்சுத் தேடலாம். டிக்கெட் குடுத்தவங்ககிட்ட டை ராட் எப்ப மாத்தினீங்க, எங்க வாங்கினீங்கன்னு கேளு. கூச்சப்படாத. நல்ல இடமா இருந்தா லாக்புக்கை, அதாவது பறந்தது, பழுது பார்த்தது எல்லாம் எழுதி வைக்கற புத்தகத்தை, தூக்கி முன்னாடி வைப்பாங்க.

[வெள்ளி]

நிலா: பெரியப்பா, விமானம் இருக்கற இடத்துக்குக் கேக்கறதுக்காகப் போய்ட்டு வந்தேன். அங்க ஒரு வயசான என்ஜினியர், கேட்டதும் அவருக்கு அவ்ளோ சந்தோஷம்! லாக்புக் எல்லாம் எடுத்துக் காட்டினார். போர் முடியற வரைக்கும் விமானப்படை பயிற்சி விமானம். அப்புறம் ஒரு ஃப்ளையிங் கிளப் வாங்கியிருக்கு. அங்கிருந்து தனியார் கை மாறி மாறி வந்திருக்கு

நிலா: கிளப்ல இருந்தப்ப ஒரு தடவை தரையிறங்கும்போது குப்புற விழுந்திருக்கு. ப்ரொப்பெல்லர், மேல் இறக்கை எல்லாம் மாத்தினதா எழுதியிருக்கு

வசந்தி சித்தி: குப்புறவா???

பெரியப்பா: அது இந்த ஜாதி விமானத்துல சகஜம் வசந்தி. வால் தரையில இருக்கும், பிரேக் கிடையாது. எழுதி வச்சிருக்காங்களே, அதுவே எனக்கு நிம்மதி. விபத்தே ஆகலன்னு அடிச்சுச் சொல்லியிருந்தாதான் யோசிச்சிருப்பேன். நிலா, இடையில பறக்காம கிடந்த காலம் ஏதாவது இருக்கா?

நிலா: ஆமா, பல வருஷம் ஒண்ணுமே எழுதல. ஒரு ஷெட்ல கிடந்ததாம்

பெரியப்பா: அதுதான் எனக்கு முக்கியம். பறக்கற விமானத்தை யாராவது பார்த்துக்கிட்டே இருப்பாங்க. ஈரத்துல கிடந்தா மரத்துல ஒட்டின பசை விட்டுப் போகும், வெளிய துணி மூடியிருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. வெளிய எடுத்தப்ப துணியை முழுசா உரிச்சுப் பார்த்தாங்களா?

நிலா: அதையும் அவரே சொன்னார். முழுசா பிரிச்சு, கீழ் இறக்கை ரெண்டுலயும் ஸ்பார் (இறக்கைக்கு முதுகெலும்பு மாதிரி நீளமா போற மரம்) புதுசு. உரிச்ச நிலையில எடுத்த ஃபோட்டோ ஆல்பம் இருக்கு. மரத்துல பென்சில்ல யாரோ கணக்கு போட்டது கூட அப்படியே தெரிஞ்சது! டை ராட் அதுக்கப்புறம் மாத்தினது, சான்றிதழ் ஃபைல்ல இருக்கு. ஆஸ்திரேலியா விபத்தைச் சொன்னதும், நான் முடிக்கறதுக்குள்ள அவரே அந்தப் பக்கத்தைப் புரட்டிட்டார்

பெரியப்பா: சரியான ஆள். வசந்தி, என் பொண்ணா இருந்தா அனுப்புவேன்.

வசந்தி சித்தி: நீங்க சொன்னா சரி அத்தான். ஆனா அந்தக் கரணம் எல்லாம் கூடவே கூடாது

நிலா: இந்த டிக்கெட்ல அது கிடையாதும்மா, கேட்டுட்டேன்

கார்த்தி: முன் சீட்டா பின் சீட்டா?

பெரியப்பா: டைகர் மாத்ல பயணி முன்னாடி, பைலட் பின்னாடி. நிலா, உன் காலுக்கு நடுவுலயும் ஒரு கண்ட்ரோல் ஸ்டிக் ஆடும், அதுல கை வைக்காத. போனைக் கையில வச்சு படம் எடுக்காத. நழுவி உள்ள விழுந்தா கண்ட்ரோல்ல மாட்டிக்கும், பைலட்டால எட்டி எடுக்க முடியாது.

நிலா: சரி பெரியப்பா. நாளைக்கு 11 மணிக்கு. காத்து அதிகமா இருந்தா ரத்துன்னு சொல்லியிருக்காங்க

பெரியப்பா: ரத்துன்னு சொன்னா ஏன்னு கேக்காம நன்றி சொல்லிட்டு வந்துடு. இன்னொரு நாள் போகலாம்.

வசந்தி சித்தி: இறங்கின உடனே முதல்ல இங்க மெசேஜ் போடணும். ஃபோட்டோ எல்லாம் அப்புறம்